ஹாங்காங்கில் ஒரு குதிரைப் பள்ளிக்கூடம்

குதிரைப் பந்தயம் என்று பேச்சை எடுத்ததுமே நம்மவர்களில் பலர் முகத்தைச் சுளித்துக்கொள்கிறார்கள். சுளிப்பதற்கு நியாயமும் இருக்கிறது. சம்பளப் பணத்தோடு கிண்டிக்குப் போய் வெறுங்கையோடு வீடு திரும்பிய குடும்பஸ்தரைப்பற்றிக் கேள்விப்படாத தெரு சென்னைப் பட்டணத்தில் ஏது? பந்தயத்தை ஒழிப்பதற்கென்றே 1974-இல் தமிழ்நாட்டுச் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய் 1996-இல் தீர்ப்பாயிற்று. குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்ட விளையாட்டல்ல, சாமர்த்தியத்தால் நடப்பது. குதிரையின் வேகமும் ஜாக்கியின் திறமையும் பயிற்சியினால் வருபவை என்று நீதிபதிகள் முடிவு சொன்னார்கள்.

அந்தத் தீர்ப்பு சரியா, தப்பா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். அதில் நம் கண்ணில் பட்டது ஒரே ஒரு வார்த்தைதான்: பயிற்சி. பயிற்சி என்றால் கற்றுக்கொடுப்பவர் ஒருவர் இருக்க வேண்டும். கற்றுக்கொள்ளும் பையன் ஒருவன் இருக்க வேண்டும். பாடம் இருக்க வேண்டும். தேறுவதும் தவறுவதும் இருக்க வேண்டும். ஆகவே இது பள்ளிக்கூட விஷயம். பள்ளிக்கூட விஷயத்தில் அபிப்பிராயம் சொல்ல உபாத்தியாயர்களாகிய நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு அல்லவா?

வாழ்நாளில் குதிரையைத் தொட்டே பாராத பட்டணத்துப் பையனைப் பிடித்து, அவனை உலகத்துத் தேர்ந்த சவாரிக்காரர்களுக்குச் சமமாக நிறுத்தப் பார்க்கும் பள்ளிக்கூடம் ஒன்று ஹாங்காங்கில் இருக்கிறது. அதைப்பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஹாங்காங் தீவில் ஆங்கிலேயர் 1841-இல் கொடி நாட்டினார்கள். ஐந்தே வருஷத்தில், 1846-இல், ஹாப்பி வாலி என்ற பள்ளத்தாக்கின் சதுப்பு நிலத்தை வடித்து, அங்கே குதிரைப் பந்தயம் நடத்திவிட்டார்கள். வெள்ளைக்காரர் புகுந்த ஊரில் ஒரு கோர்ட்டு, ஒரு மாதா கோயில், ஒரு பந்தய மைதானம் மூன்றும் முளைக்காமல் இரா. அந்தக் காலத்தில் ஓடியவை மங்கோலியாவிலிருந்து வந்த மட்டக் குதிரைகள். ஓட்டியவர்கள் பொழுதுபோக்குக்காக ஓட்டிய துரைமார்களும் ராணுவ அதிகாரிகளும். தீனி வைப்பதும், தேய்த்துக் குளிப்பாட்டுவதும், விடியுமுன் நடத்திக்கொண்டு போவதும் சீனக் குதிரைக்காரர்களின் வேலை. பந்தயங்களை நடத்துவதற்காக 1884-இல் ஜாக்கி கிளப் ஏற்பட்டது. சீனர்கள் அதில் அங்கத்தினராகச் சேர 1920-களின் பிற்பாதி வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. வேடிக்கை பார்க்கவும் பணம் கட்டவும் மட்டும் அவர்களுக்கு எப்போதும் தடையில்லை. 1918 பிப்ரவரியில் ஹாப்பி வாலியில் மூங்கிலாலும் பாயாலும் கட்டிய கொட்டகை சரிந்து தீப்பற்றி எரிந்தபோது சுமார் அறுநூறு பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள்.

குதிரையின் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்குக் குதிரையின்மேல் ஏற இடமில்லை! இந்த விசித்திரம் நமக்குப் புதிதல்ல. நம் தேசத்திலும் லாயத்தில் நம்மவன், சேணத்தில் வெள்ளைக்காரன் என்ற ஏற்பாடு வெகுகாலம் நடந்ததுதான்.

1971-இல் ஹாங்காங் பந்தயம் தொழில்முறைக்கு மாறிற்று. பொழுதுபோக்குச் சவாரிக்காரர்களுக்குப் பதிலாகச் சம்பளத்துக்கும் பரிசுப் பங்குக்கும் ஓட்டும் ஜாக்கிகள் அயல்தேசங்களிலிருந்து வந்து இறங்கினார்கள். அடுத்த வருஷமே, 1972-இல், உள்ளூர்ச் சிறுவர்களுக்காக அப்ரண்டிஸ் ஜாக்கிப் பள்ளிக்கூடம் தொடங்கியது. தொடங்கினவர்களுடைய மனத்தில் சீனப் பையன்மேல் அன்பு பொங்கி வழிந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. சொந்த ஊர்ப் பையன் முன்னால் வந்தால் பார்க்கிற ஜனங்களின் உற்சாகம் இரட்டிப்பாகும் என்பது கணக்குத் தெரிந்த எந்த ஸ்தாபனத்துக்கும் விளங்கும். காரணம் எதுவானாலும் காரியம் நல்ல காரியம்.

ஆனால் மாணாக்கரை எங்கே தேடுவது? ஹாங்காங்கில் குதிரை இனப்பெருக்கமே கிடையாது. ஓடுகிற ஒவ்வொரு குதிரையும் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, அயர்லாந்து முதலிய தேசங்களிலிருந்து விலைக்கு வாங்கி வந்தது. நாற்பது அடுக்கு மாளிகையில் புறாக்கூண்டு போன்ற வீட்டில் வளரும் பையன் குதிரையைப் படத்தில்தான் பார்த்திருப்பான். ஐரோப்பாவில் ஜாக்கியின் மகன் ஜாக்கியாவதும், பண்ணையில் பிறந்தவன் நடை பழகும்போதே மட்டக் குதிரையில் ஏறுவதும் சகஜம். இங்கே அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. இன்னொரு சங்கடமும் உண்டு. சீனப் பெற்றோர்களுக்கு நம் பெற்றோர்களைப் போலவே சர்வகலாசாலைப் பட்டத்தின்மேல்தான் கண். “பந்தயக் குதிரை ஓட்டப் போகிறேன்” என்று பதினாறு வயசுப் பையன் சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை நாம் வர்ணிக்க வேண்டியதில்லை; நம் வீட்டில் நடப்பதுதான். இதெல்லாம் போதாதென்று, ஒவ்வொரு தலைமுறையும் முந்தின தலைமுறையைவிட உயரமாகவும் கனமாகவும் வளர்கிறது. தேசத்துக்கு அது சந்தோஷமான செய்தி. குள்ளமான, லேசான, அதே சமயம் வலுவான பையனைத் தேடி அலையும் பள்ளிக்கூடத்துக்கோ அது பெரிய தொல்லை.

வந்து சேரும் சிலருக்கு முதல் நாளே குதிரையின்மேல் ஏறும் பாக்கியம் கிடைப்பதில்லை. கையில் துடைப்பமும் முள்வாரியும்தான் கொடுப்பார்கள். சாணம் அள்ள வேண்டும். வைக்கோல் பரப்ப வேண்டும். குளம்பைத் தூக்கிக் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பையனுடைய எடை ஐம்பது கிலோ; குதிரையின் எடை ஐந்நூறு கிலோ. பத்து மடங்கு கனமுள்ள அந்தப் பிராணி எப்போது காதைப் பின்னால் மடக்குகிறது, எப்போது பின்னங்காலை நகர்த்துகிறது என்று படித்துக்கொள்வதுதான் அரிச்சுவடி. பிறகு கீழே விழப் பழக வேண்டும். தோளைச் சுருட்டி உருண்டு, பின்னால் வரும் குளம்புகளிலிருந்து விலகிப் போகும் வித்தை அது. அதன் பிறகு யந்திரக் குதிரை. அங்கவடியைக் குட்டையாக ஏற்றிக் கட்டி, உட்காராமலும் நிற்காமலும் முழங்காலை மடித்துக் குனிந்து கிடக்கும் நிலையில் இரண்டு நிமிஷம் அசையாமல் இருந்து பார்க்கும் நேயர்களுக்குத் தொடை சொல்லும், ஜாக்கி எவ்வளவு சம்பாதித்தாலும் தகும் என்று! பந்தயக் குதிரை மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அந்த நிலையில் இருந்துகொண்டு, முன்னே இருக்கும் இடைவெளி திறக்குமா, மூடுமா என்று தீர்மானிக்கவும் வேண்டும்.

இத்தனையும் கற்றவர்களில் எல்லோரும் ஜாக்கியாவதில்லை. பலர் காலைப் பயிற்சியில் குதிரைகளை ஓட்டும் ஆட்களாக லாயங்களிலேயே அமைந்துவிடுகிறார்கள். சிலர் உதவி டிரெயினர்களாகிறார்கள். மிகச் சிலர்தான் டிரெயினர் ஒருவரிடம் அப்ரண்டிஸாகச் சேர்ந்து பந்தயத்தில் ஏறுகிறார்கள்.

இங்கேதான் இந்தத் தொழிலின் ஓர் அபூர்வமான ஏற்பாடு வருகிறது. எந்தத் தொழிலிலும் புதிதாக வந்தவனுக்கு யாரும் முக்கியமான வேலை கொடுக்கமாட்டார்கள். வேலை கொடுக்காததால் அவனுக்கு அநுபவம் வராது. அநுபவம் இல்லாததால் வேலை கிடைக்காது. பட்டம் பெற்ற வாலிபர்கள் படியேறி இறங்கும் ஆபீசுகளில் எல்லாம் இந்தச் சக்கரம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. பந்தய உலகம் இதற்கு ஒரு பரிகாரம் கண்டிருக்கிறது.

ஹாங்காங்கில் பெரும்பாலான பந்தயங்கள் ஹாண்டிகாப் முறையில் நடக்கின்றன. நன்றாக ஓடும் குதிரைக்கு அதிகப் பாரம், மந்தமான குதிரைக்குக் குறைந்த பாரம் என்று அதிகாரிகள் ராத்தல் கணக்கில் விதிக்கிறார்கள். ஜாக்கியும் சேணமும் சேர்ந்தும் எடை போதாவிட்டால், ஈயத் தகடுகளை வைத்து நிரப்புகிறார்கள். எல்லாக் குதிரைகளும் கோட்டை ஒரே சமயத்தில் தாண்ட வேண்டும் என்பது அந்தக் கணக்கின் லட்சியம். ஒரு மைல் ஓட்டத்தில் இரண்டு ராத்தல் பாரம் சுமார் ஒரு குதிரை நீளத்துக்குச் சமம் என்பது பழைய பந்தயக்காரர்களின் வாய்பாடு. இப்படி மயிரிழையில் சமன் செய்த தராசில், புது அப்ரண்டிஸுக்கு மட்டும் பத்து ராத்தல் தள்ளிக் கொடுக்கிறார்கள்! அதாவது அவன் ஏறுகிற குதிரை, விதித்த பாரத்தைவிடப் பத்து ராத்தல் குறைவாகச் சுமந்தால் போதும். வாய்பாட்டின்படி பார்த்தால் ஐந்து குதிரை நீளம் முன்னதாகவே கையில் கொடுத்த மாதிரி. அனுபவசாலியான ஜாக்கியைவிட அநுபவமற்ற பையனே லாபம் என்று டிரெயினர் நினைக்கும் சந்தர்ப்பம் இதனால் உண்டாகிறது. தயவு தாட்சண்யம் எதுவும் இல்லாமல், சுயலாபத்தைக் கருதியே அவர் பையனைக் கூப்பிட்டு ஏற்றுகிறார்.

பையன் ஜயிக்க ஜயிக்கச் சலுகை குறையும். பத்து ஏழாகும், ஏழு ஐந்தாகும், பிறகு அதுவும் தேயும். பெரிய கோப்பைப் பந்தயங்களில் ஆரம்பத்திலிருந்தே சலுகை கிடையாது. நடைவண்டியைக் கொடுத்து, குழந்தை நடக்க நடக்க அதன் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்வது போன்ற யுக்தி. உபாத்தியாயத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்தும் இவ்வளவு சாதுரியமான ஏற்பாட்டை நாம் எந்தக் கல்விச் சட்டத்திலும் கண்டதில்லை.

பள்ளிக்கூடத்தின் முதல் அணி மாணாக்கர்களில் ஒருவர் டோனி க்ரூஸ். போர்ச்சுகீசியச் சீனக் கலப்புக் குடும்பத்தில் பிறந்த ஹாங்காங் பிள்ளை. அவருடைய தகப்பனாரும் ஜாக்கி. ஆகவே குதிரை அறியாத வீட்டுப் பையன் என்று அவரைச் சொல்ல முடியாது. அவர் ஆறு தடவை ஹாங்காங்கின் முதல் ஜாக்கியாக வந்தார். பின்னர் ஐரோப்பாவுக்குப் போய், டிரிப்டிக் என்ற பிரசித்தி பெற்ற பெண் குதிரைமேல் ஏறி இங்கிலாந்தின் சாம்பியன் ஸ்டேக்ஸ் பந்தயத்தை 1986-லும் 1987-லும் ஜயித்தார். துரைமார்களிடம் வித்தை கற்ற ஊர்ப் பையன் துரைமார் தேசத்துக்கே போய் ஜயித்தது கண்டு ஹாங்காங்வாசிகள் பூரித்திருப்பார்கள்.

1996-இல் அவர் டிரெயினரானார். அவர் பழக்கிய சைலன்ட் விட்னஸ் என்ற குதிரை 2002 முதல் 2005 வரையில் தொடர்ந்து பதினேழு பந்தயங்களை ஜயித்தது. அந்தப் பதினேழிலும் அதன்மேல் அமர்ந்தவர் பெலிக்ஸ் கூட்ஸீ என்ற தென்னாப்பிரிக்கர். பள்ளிக்கூடத்தின் முதல் மாணாக்கரே, தம் கைக்கு அதிகாரம் வந்தபோது, அயலாரைக் கூப்பிட்டார்! இதைப் படித்தபோது நமக்கும் சுருக்கென்றது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. அதே க்ரூஸ் தம்மிடம் அப்ரண்டிஸாக இருந்து வளர்ந்த மத்தேயு சாட்விக் என்ற ஹாங்காங் இளைஞரை, கலிபோர்னியா மெமரி என்ற குதிரைமேல் ஏற்றினார். 2011-லும் 2012-லும் அடுத்தடுத்து ஹாங்காங் கோப்பை அவர்களுக்கே கிடைத்தது. உலகத்து முதல்தரக் குதிரைகள் வந்து ஓடும் பந்தயம் அது. சலுகை ராத்தல் எதுவும் இல்லாத இடம்.

பள்ளிக்கூடமும் காலத்தில் ஓர் உண்மையைக் கண்டுகொண்டது. ஹாங்காங்கில் இருப்பவை இரண்டே மைதானங்கள். பழைய ஹாப்பி வாலி ஒன்று, 1978-இல் திறந்த ஷா டின் ஒன்று. ஒரு பருவத்தில் எண்ணூற்றுச் சொச்சம் பந்தயங்கள். அத்தனையிலும் ஜனங்கள் கோடிக்கணக்கில் பணம் கட்டுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கற்றுக்குட்டி தவறு செய்தால் யார் பொறுப்பார்கள்? தவறு செய்யாமல் எவன் எதைக் கற்றிருக்கிறான்? ஆகவே பையன்களையும் பெண்களையும் ஆஸ்திரேலியாவுக்கும் நியூஸிலாந்துக்கும் அனுப்பி, நாட்டுப்புறத்துச் சின்ன மைதானங்களில் நூற்றுக்கணக்கான பந்தயங்கள் ஓட்டிப் பழகிய பின்பே ஊருக்கு அழைக்கிறார்கள். அம்மா சமைத்துப் போட்ட சோற்றை உண்டு வளர்ந்த பையன், பாஷை சரியாகத் தெரியாத ஊரில், குளிரில் விடியற்காலை எழுந்து தன் சாப்பாட்டைத் தானே அளந்து உண்ண வேண்டும். சவாரியில் பாதிப் பாடம் இந்த வைராக்கியம்தான்.

இவ்வளவு பாடுபட்டும் சலுகை தீர்ந்த அன்றுதான் உண்மையான பரீட்சை. நேற்று வரையில் அந்தப் பையனைத் தேடி வந்த டிரெயினர் இன்று அடுத்த வருஷத்துப் புதுப் பையனிடம் போய்விடுகிறார். மேலேயோ அசகாய சூரர்கள். டர்பனில் பிறந்த டக்ளஸ் ஒயிட் 2000-01 முதல் 2012-13 வரை பதின்மூன்று பருவங்கள் தொடர்ந்து முதலிடத்தை விட்டுக் கொடுக்கவில்லை. அவருக்குப் பின் பிரேஸிலிலிருந்து வந்த மொரேராவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பர்ட்டனும் அந்த இடத்தை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளூர் ஜாக்கிகளில் முதல்வராக வருபவருக்கு டோனி க்ரூஸ் பெயரால் ஒரு தனிப் பரிசு தருகிறார்கள். நல்ல எண்ணத்தில் ஏற்பட்ட பரிசுதான். ஆனாலும் சொந்த ஊரில் சொந்தப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட வேண்டியிருப்பதை நினைத்தால் மனம் என்னவோ போலாகிறது.

வின்சென்ட் ஹோவின் கதை இந்தக் கட்டத்துக்கு உதாரணம். அப்ரண்டிஸாக இருந்தபோது பெயரெடுத்தார். சலுகை போனதும் பல வருஷம் நடுத்தரத்தில் ஓடிக்கொண்டிருந்தார். விட்டுப் போகவில்லை. 2019-இல் இங்கிலாந்தின் ஆஸ்காட் மைதானத்தில் ஷெர்கர் கோப்பைப் போட்டியில் ஒரு பந்தயத்தை ஜயித்தார். பிரான்சிஸ் லூயி என்ற உள்ளூர் டிரெயினர் கோல்டன் சிக்ஸ்டி என்ற குதிரையை அவர் கையிலேயே நம்பி விட்டார். 2020-இல் டெர்பி, பிறகு ஹாங்காங் மைல் பந்தயம் மூன்று தடவை. முப்பத்தொரு ஓட்டத்தில் இருபத்தாறு வெற்றி அந்தக் குதிரைக்கு. இடையில், 2023 பிப்ரவரியில், ஹோ வேறொரு குதிரையிலிருந்து விழுந்து பலத்த காயமுற்றார். அந்த மாதக் கடைசியில் கோல்டன் சிக்ஸ்டியின்மேல் இன்னொருவர் ஏறி ஜயித்தார். ஏப்ரல் மாத இறுதியில் ஹோ திரும்பி வந்து, அதே குதிரைமேல் சாம்பியன்ஸ் மைல் பந்தயத்தை ஜயித்தார்.

விழுந்தவர்கள் எல்லோரும் இப்படித் திரும்பி வருவதில்லை. 1999-இல் இள வயது உள்ளூர் ஜாக்கி ஒருவர் பந்தயத்தில் விழுந்து உயிரை விட்டார். அப்ரண்டிஸாக வந்த கீ சியோங் என்ற பெண் 2016-இல் ஒரே நாளில் நான்கு பந்தயங்களை ஜயித்தபோது ஊரே கொண்டாடியது. இரண்டொரு வருஷத்துக்குள் அவள் பந்தயத்தை விட்டே விலகிவிட்டாள். காயம் ஒரு பக்கம். தராசு இன்னொரு பக்கம். பதினெட்டு வயசில் இன்னும் இரண்டு அங்குலம் வளர்ந்தால் ஒருவனுடைய உத்தியோகம் போய்விடும் என்றால், அது எத்தகைய உத்தியோகம்! பசியை அடக்கியும் நீராவி அறையில் வேர்வை சிந்தியும் எடையைக் குறைக்கும் பழக்கம் உலகத்து ஜாக்கிகள் எல்லோரிடமும் இருக்கிறது. வளரும் பிள்ளையைப் பார்த்து “வளராதே” என்று சொல்லும் தொழிலுக்கு எந்த உபாத்தியாயரும் மனம் கூசாமல் மாணாக்கனை அனுப்பமாட்டார்.

பணத்தின் ஆசை வேறு. 1986-இல் பந்தய முடிவுகளை முன்கூட்டியே பேசி வைத்த வழக்கில் ஜாக்கிகளும் சிக்கிக்கொண்டார்கள். ஜாக்கிகள் பந்தயத்தில் பணம் கட்டக் கூடாது என்பது கண்டிப்பான விதி. சுற்றியுள்ளவர்கள் எல்லோரும் கட்டும்போது அந்த விதியைக் காக்கும் திடசித்தத்தையும் இருபது வயசுக்குள் கற்பித்தாக வேண்டும். கிளப்பின் ஆதாயம் தர்மத்துக்குப் போகிறது, ஆஸ்பத்திரிக்கும் கல்விக்கும் போகிறது என்கிறார்கள். அது மெய்தான். தோற்றவனுடைய வீட்டு அடுப்புக்கு அந்தத் தர்மம் வந்து சேர்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

ஆகவே, உங்கள் பிள்ளையை இப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தில் சேர்ப்பீர்களா என்று நம்மைக் கேட்டால், அங்கே ஜாக்கியாகாதவனுக்கு என்ன வழி செய்கிறார்கள் என்பதை முதலில் விசாரிப்போம். ஜயித்தவனை எந்தப் பள்ளிக்கூடமும் சுவரில் படமாக மாட்டிக்கொள்ளும். எடை ஏறிவிட்டவன், எலும்பு முறிந்தவன், சலுகை தீர்ந்ததும் ஆள் தேடாமல் போனவன் ஆகியோருக்கு அந்த லாயத்திலேயே மரியாதையான இடம் உண்டா என்பதில்தான் அதன் தராதரம் இருக்கிறது. ஹாங்காங்கில் அப்படி இடம் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு டானி ஷம் சாட்சி. இளமையில் அவரும் ஹாங்காங்கில் ஜாக்கியாக ஓட்டினார். சவாரியில் பெரும் பெயர் எடுக்கவில்லை. பின்னர் உதவியாளராக இருந்து தொழில் கற்று டிரெயினரானார். அயர்லாந்தில் பிறந்த ரொமான்டிக் வாரியர் என்ற குதிரையை அவர் பழக்கி, 2023 அக்டோபரில் மெல்போர்னுக்குக் கொண்டு போய், ஆஸ்திரேலியரின் பெருமைக்குரிய காக்ஸ் பிளேட் பந்தயத்தில் ஓட விட்டார். கடைசிக் கோட்டை அது ஒரு மூக்கு நீளத்தில் முந்திக்கொண்டு தாண்டியது. குதிரைமேல் இருந்தவர் ஜேம்ஸ் மக்டொனால்டு என்ற நியூஸிலாந்துக்காரர். கீழே நின்று கடிவாளத்தைப் பிடித்து வரவேற்றவர் ஹாங்காங் பிள்ளை.